யானைக்கால் வீக்கம்: காலைக் கழுவும் முறை

கும்பகோணம் பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக இருக்கிறேன். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியா எப்ப குளிர்காய்ச்சல் வந்துச்சு?" என்றுதான். ஒவ்வொரு காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் பெருக்க வைத்துவிட்டுப் போகும்.

காரணம் இதுதான். ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரைக் கண்ணுக்குத் தெரியாத நிணநீர்க் குழாய்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. நுனிக் குழாயின் சுவரில் செல்கள் ஒரே அடுக்குதான். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வெளியே நீர் கூடினால் விலகி உள்ளே விடும், திரும்ப வெளியே விடாது. இந்த நீரைத் தள்ள இதயம் கிடையாது. குழாய்ச் சுவர் சுருங்கியும், நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுத்தியும்தான் மேலே ஏறுகிறது. கீழே இறங்காமல் வால்வுகள் பார்த்துக்கொள்ளும். தோலில் கிருமி புகுந்தால் இதே நீர் அதைத் தொடையிடுக்கு நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுபோகும். அங்கே வெள்ளையணுக்கள் பெருகும். காலில் புண் வந்தால் அரையில் நெறி கட்டுகிறதே, அது இதனால்தான்.

யானைக்கால் புழு வருடக்கணக்கில் குடியிருப்பது இந்தக் குழாய்களுக்குள்தான். குழாய் விரிந்து, வால்வு கெட்டு, நீர் தேங்கிவிடும். அந்தக் காலில் கிருமி நுழைந்தால் சுலபத்தில் அடங்காது, குளிர்காய்ச்சல் வருவது இப்படித்தான். அது நுழைகிற இடம் பெரும்பாலும் விரலிடுக்குச் சேற்றுப்புண்.

அதனால் தினமும் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் கழுவுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர், சாதாரணக் குளியல் சோப்பு போதும், வெந்நீர் வேண்டாம். முழங்காலில் தொடங்கிக் கீழே வாருங்கள். மடிப்பு மடிப்பாக இருந்தால் ஒவ்வொன்றையும் விரித்துக் கையால் தேயுங்கள். பிரஷ், பீர்க்கங்கூடு எதுவும் வேண்டாம், தோல் கீறிவிடும். விரலிடுக்கில் கை நுழையாவிட்டால் மெல்லிய பருத்தித் துணியைத் திரித்து விடுங்கள். நுரை போக அலசுங்கள்.

இதுவரை எல்லோரும் சரியாகச் செய்வார்கள். துடைப்பதில்தான் கோட்டை விடுவார்கள். அழுத்தித் தேய்க்காமல் துண்டால் ஒற்றியெடுங்கள். இடுக்குகளுக்குக் காய்ந்த துணியைத் தனியாக வைத்துக்கொண்டு, துணியில் ஈரம் ஒட்டாமல் போகும்வரை ஒற்றுங்கள். அப்புறம் ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் காட்டுங்கள். விரலிடுக்கு வெளுத்து உரிந்தாலோ நாற்றம் அடித்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூஞ்சைக்கான களிம்பு வாங்கித் தடவுங்கள். நடவுக்குப் போய் வருகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இரவில் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். சீரியல் பார்க்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாமே.

கால் சிவந்து, சுட்டு, நடுக்கம் வந்தால் பயிற்சியை நிறுத்துங்கள். ஒத்தடம் என்று வெந்நீரை எடுக்காதீர்கள். ஈரத்துணி போட்டு, நிறைய தண்ணீர் குடித்து, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

"வருஷா வருஷம் மாத்திரை போட்டும் கால் வடியலியே" என்பார்கள். வீடு தேடி வந்து தந்த டிஇசி மாத்திரை ரத்தத்தில் உள்ள புழுக்குஞ்சுகளைக் கொன்று, கொசு வழியாக அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கத்தான். ஏற்கெனவே வீங்கிய காலுக்கு அது மருந்தல்ல.