பாபநாசம் சிவனைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது எப்படி?

மும்பை மாதுங்காவில் மார்கழி பஜனை நடக்கும் வீடுகளில், தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவனைப் பற்றிப் பேசப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பாட்டு தெரிந்த மாமிகளும் தமிழ் படிக்கத் தெரியாத பேரன் பேத்திகளும் சேர்ந்தே உட்கார்ந்திருப்பார்கள். அதனால் தேதிகளை அடுக்க வேண்டாம். பிறந்தது 1890, தஞ்சைப் பக்கம் போலகம், இயற்பெயர் ராமய்யா. இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

உடனே ஒரு பாட்டு. அதுவும் அவர் பாட்டு இல்லை, அவருக்கு முந்தைய பக்திப் பாடலாசிரியர் நீலகண்ட சிவனின் 'என்றைக்கு சிவ கிருபை வருமோ', முகாரி ராகம். அப்பாவை இழந்து அம்மாவோடு திருவனந்தபுரம் போன பையன் ராமய்யாவுக்கு, அங்கே கேட்ட நீலகண்ட சிவனின் பஜனைதான் முதல் பள்ளிக்கூடம். கோனேரிராஜபுரம் வைத்தியநாதய்யரிடம் சங்கீதம் கற்றதெல்லாம் அப்புறம்.

முகாரி முடிந்த கையோடு, நவரஸ கன்னடா ராகத்தில் பாபநாசம் சிவனின் 'நானொரு விளையாட்டு பொம்மையா' பாடுங்கள். இடையில் பேசாதீர்கள். நீலகண்ட சிவன் 'எப்போது வரும்' என்று ஏங்குகிறார். பாபநாசம் சிவன் அம்பாளிடமே நியாயம் கேட்கிறார். வீட்டுப் பெரியவர்களிடம் குறைப்படுகிற மாதிரி தெய்வத்திடம் பேசும் அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று சபைக்கே புரிந்துவிடும். என்னைக் கேட்டால், அரை மணியில் பாதியை இந்த இரண்டு பாட்டுக்கே கொடுக்கலாம்.

சினிமாவை ஒதுக்காதீர்கள். சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்தின் 'மன்மத லீலையை' எழுதியதும் இதே கைதான். 1939-ல் 'தியாக பூமி' படத்தில் பக்திமானான சம்பு சாஸ்திரியாக நடித்தார். அந்தப் படத்தை வெள்ளைக்கார அரசு தடை செய்தது. மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி விடியலில் பஜனை பாடிப் போன மனிதருக்கு அந்த வேஷம் அவ்வளவு பொருந்தியது. ஸ்டில் ஒன்று கிடைத்தால் பெரிதாக அச்சடித்துக் கையோடு சுற்றவிடுங்கள்.

1971-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது, 1973-ல் மறைவு. இதற்கு ஒரு வரி போதும்.

கடைசியில் அவருடைய 'என்ன தவம் செய்தனை' எல்லோரும் சேர்ந்து பாடட்டும். சாகித்யத்தை, அதாவது பாட்டு வரிகளை, தமிழிலும் பிள்ளைகளுக்காக தேவநாகரியிலும் பெரிய எழுத்தில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் பாடினால் சுருதி ஐந்து கட்டை சரியாக இருக்கும்.