ரேம் வாங்கும் முன் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள்

தங்கை மகளின் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான் (ஓடும் புரோகிராம்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) இருந்தது. ஆன்லைன் வகுப்போடு பிரவுசரையும் திறந்தால் அப்படியே நின்றுவிடும். மாடல் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடையில் கொடுத்ததை வாங்கி வந்து செருகினால் நுழையவில்லை. அது டிடிஆர்3 என்ற பழைய தலைமுறை ரேம், எங்களுக்கு வேண்டியது அடுத்த தலைமுறையான டிடிஆர்4. மறுபடி பெரம்பூரிலிருந்து மவுண்ட் ரோடு வரை அலைச்சல். அதனால்தான் சொல்கிறேன், முதலில் திறந்து பாருங்கள், அப்புறம் வாங்குங்கள்.

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். ரேம் செருகத் தனி ஸ்லாட் இல்லையென்றால் கூட்ட வழியில்லை. ஸ்லாட் இருந்தால், பழைய ரேமின் ஸ்டிக்கரை போனில் படம் எடுங்கள். பிசி3எல் என்றால் டிடிஆர்3எல், பிசி4 என்றால் டிடிஆர்4, பிசி5 என்றால் டிடிஆர்5. ஒவ்வொன்றிலும் பற்களுக்கு நடுவே உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருகினால் அழுத்தினாலும் போகாது. வேகம் வேறான இரண்டைச் சேர்த்துப் போட்டால் பொதுவாக இரண்டுமே குறைந்த வேகத்தில்தான் ஓடும். அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதைத் தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். வாங்கும்போது சீரியல் எண் போட்ட பில் கேளுங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

திறக்கும்போதெல்லாம், விண்டோஸ் முழுதாக அணைய ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். அடிமூடி ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. நான் இட்லித் தட்டில், கழற்றிய வரிசையிலேயே குழிக்கு ஒன்றாகப் போட்டு வைப்பேன். மூடியின் ஓரத்தைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்பலாம். உள்ளே முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. நம்ம ஊர் வெயிலில் கை வியர்க்கும், துடைத்துக்கொண்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க ஓர் இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டு வாருங்கள். ரேமை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும், தங்கநிறப் பற்களில் விரல் படக்கூடாது.

சாய்வாகச் செருகி, பற்கள் ஏறக்குறைய மறையும்வரை தள்ளுங்கள். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்'கென்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள். பேட்டரியை மாட்டி, மூடியைப் போட்டு ஆன் செய்யுங்கள்.

முதல் தடவை திரை சற்று நேரம் கறுப்பாகவே இருக்கலாம், டிடிஆர்5-இல் இன்னும் கூடுதலாக. பதறி அணைத்துவிடாதீர்கள். விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மொத்த ஜிபியைப் பார்த்துவிட்டு, அன்றிரவே ரேமைச் சோதிக்கும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள். பிழை காட்டினால் மறுநாளே பில்லோடு கடைக்குப் போகலாம்.