சீரியம் ஏற்றிய சிர்கோனோலைட் வில்லை: காரைக்குடி மாணவர்களுக்கான செய்முறை

செட்டிநாட்டில் பீங்கான் என்றதும் சிலர் ஆத்தங்குடி ஓட்டைக் காட்டுவார்கள். ஆனால் அது நீரில் ஊறி இறுகும் சிமெண்ட் ஓடு, சூளையைக் காணாதது. உயர்நிலைக் கதிரியக்கக் கழிவைப் பூட்டிவைக்கும் பீங்கானுக்குச் சூடுதான் உயிர். 1978-இல் ஆஸ்திரேலியப் புவிவேதியியலாளர் ரிங்வுட் முன்வைத்த சின்ராக் என்னும் செயற்கைப் பாறை வகையில், புளூட்டோனியம் போன்ற ஆக்டினைடுகளை, அதாவது கனமான கதிரியக்கத் தனிமங்களை, தன் படிகத்துக்குள் ஏற்றுக்கொள்ளும் கனிமம் சிர்கோனோலைட். கல்லூரி ஆய்வகத்தில் புளூட்டோனியத்துக்குப் பதிலாகக் கதிரியக்கமற்ற சீரியத்தைக் கொண்டு அதைச் செய்துபார்க்கலாம்.

சிர்கோனியத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீரியமாக மாற்றிய 10 கிராம் பொருளுக்கு, உலர்த்திய கால்சியம் கார்பனேட் 2.91, சிர்கோனியா (சிர்கோனியம் டைஆக்சைடு) 3.22, சீரியம் டைஆக்சைடு 0.50, டைட்டானியா (டைட்டானியம் டைஆக்சைடு) 4.64 கிராம் தேவை. எடை கூடுதலாகத் தெரிவது கார்பனேட்டிலிருந்து வெளியேறப்போகும் கரியமில வாயுவினால்தான்.

அரைப்பதில் சிக்கனம் கூடாது. சிர்கோனியா மந்தமாக வினைபுரியும் பொருள். கலவை கரடாக இருந்தால் அது வினைபுரியாமல் ஒதுங்கிவிடும், மிஞ்சும் கால்சியமும் டைட்டானியமும் பெரோவ்ஸ்கைட் என்னும் வேறொரு கனிமமாகச் சேர்ந்துவிடும். நீரில் எளிதாக அரிபடுவது அந்தப் பெரோவ்ஸ்கைட்தான் என்பதால், ஐசோபுரோப்பனால் சேர்த்துப் பந்து ஆலையில் சில மணி நேரம் அரைத்து, உலர்த்தி, அலுமினா மூசையில் 1000 டிகிரி செல்சியசுக்குச் சுட்டு, மறுபடியும் அரைக்க வேண்டும். பிறகு தூளை வில்லையாக அழுத்தி, காற்றிலேயே 1400 டிகிரியில் 20 மணி நேரம் வைக்கவும். இடையில் மின்சாரம் போனால் கணக்குக் குலையும். உலைக்கு மாற்று மின்வழி இருப்பதை முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு வரைபடத்தில் 28.2 டிகிரி கோணத்தருகே முகடு தெரிந்தால் சிர்கோனியா மிச்சம். 33 டிகிரி அருகே தெரிந்தால் பெரோவ்ஸ்கைட்டைச் சந்தேகிக்கலாம். உயர்வெப்பத்தில் சீரியத்தின் ஒரு பகுதி மூவிணைதிறனுக்கு இறங்குவதும் பெரோவ்ஸ்கைட்டைத் தூண்டும் என்பதால், எல்லாப் பழியையும் அரைப்பின்மேல் போட முடியாது. ஆர்க்கிமிடிஸ் முறையில் அடர்த்தியை அளந்து, கோட்பாட்டு அடர்த்தியில் 95 விழுக்காட்டுக்குக் குறைந்த வில்லைகளை ஒதுக்கிவிடலாம்.

கசிவுச் சோதனைக்கு டெஃப்லான் குடுவையில், 4 சதுர செ.மீ. பரப்புள்ள வில்லைக்கு 40 மி.லி. தூயநீர் ஊற்றி, 90 டிகிரியில் 28 நாள் வைத்து, நீரிலுள்ள கால்சியத்தையும் சீரியத்தையும் அளக்க வேண்டும். வில்லை போடாத ஒரு குடுவையும் கூடவே இருக்கட்டும். சீரியம் சிதைவதில்லை; ஆகவே ஆல்ஃபாச் சிதைவால் படிகம் குலைவதைப் பற்றி இந்தச் சோதனையைக் கொண்டு எதுவும் எழுதக் கூடாது.