1950-52 இடைக்கால நாடாளுமன்ற விவாதங்களை எங்கிருந்து, எப்படிப் படிக்கலாம்

இடஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட முதல் சட்டத்திருத்தம் பற்றி நம்மூரில் பேசாத மேடை இல்லை. ஆனால் அதை நிறைவேற்றிய அவையில் யார் என்ன பேசினார்கள் என்று மூலத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. பார்க்க வேண்டும், அவ்வளவு சூடான விவாதம் அது.

முதலில் அந்த அவை என்னவென்று சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1950 ஜனவரி 26-இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தேர்தல் நடந்திருக்கவில்லை. அதனால் பிரிவு 379-இன்படி, சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையே இடைக்கால நாடாளுமன்றமாகத் தொடர்ந்தது. மாநிலங்களவை கிடையாது, ஒரே அவைதான். மக்கள் நேரடியாக வாக்களித்து வந்த உறுப்பினர்களும் இல்லை. 1952 ஏப்ரலில் முதல் மக்களவை அமைந்ததும் இது முடிந்துபோனது.

தேடும்போது பலரும் சிக்கும் இடம் ஒன்று உண்டு. ஏறத்தாழ இதே ஆட்கள் பேசிய மூன்று தொகுதி வரிசைகள் இருக்கின்றன: அரசமைப்பை எழுதிய விவாதங்கள், 1947 நவம்பர் முதல் அதே சபை சட்டமன்றமாகக் கூடி நடத்திய விவாதங்கள், அப்புறம் 1950-க்குப் பிறகான இவை. தலைவர் நாற்காலியில் ராஜேந்திர பிரசாத் இருந்தால் நீங்கள் முதல் வரிசையில் இருக்கிறீர்கள், மூடிவிடுங்கள். சபாநாயகர் மாவலங்கரோ துணை சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்காரோ இருந்தால் தேதியைப் பாருங்கள், 1950 ஜனவரி 26-க்குப் பிந்தியது என்றால் சரியான இடம். நாடாளுமன்ற மின்னூலகத்தில் ஸ்கேன் பிரதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கேள்வி-பதில் தனிப் பாகம், மற்ற நடவடிக்கைகள் இரண்டாம் பாகம். உங்களுக்கு வேண்டியது இரண்டாம் பாகம்.

முதல் நாளிலிருந்து வரிசையாகப் படிக்க முயலாதீர்கள், அலுத்துப்போகும். முதல் திருத்த மசோதா மீதான விவாதம் தொடங்கிய 1951 மே 16-இல் தொடங்குங்கள். அதற்கும் முன்னால் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்துவிடுவது நல்லது, இரண்டுமே சென்னை அரசின் ஆணைகளை எதிர்த்துப் போனவை. ஒன்று, கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்ற சம்பகம் துரைராஜன் வழக்கு (1951 ஏப்ரல் 9). இன்னொன்று, 'கிராஸ் ரோட்ஸ்' இதழைச் சென்னை மாநிலத்துக்குள் வரவிடாமல் தடுத்ததை ரத்து செய்த ரொமேஷ் தாப்பர் வழக்கு (1950 மே). இவற்றோடு ஜமீன் ஒழிப்புச் சட்டங்களும் நீதிமன்றத்தில் அடிவாங்கிக்கொண்டிருந்தன. இந்த மூன்று கோபமும் ஒரே மசோதாவுக்குள் வந்துவிட்டதால், படிக்கும்போது நீங்கள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்: 15(4) இடஒதுக்கீடு, 19(2) பேச்சுரிமைக் கட்டுப்பாடு, 31ஏ-யும் 31பி-யும், நீதிமன்றம் கைவைக்காமலிருக்கச் சட்டங்களைப் பட்டியலிட்ட ஒன்பதாம் அட்டவணையும் நிலம். ஒருவர் ஒன்றை ஆதரித்து இன்னொன்றை எதிர்த்துப் பேசியிருப்பார், அவரை மொத்தமாக எதிர்ப்பாளர் என்று குறித்துவைத்தால் தப்பாகிவிடும்.

மே 16 அன்று நேரு, இந்த அருமையான அரசமைப்பை வழக்கறிஞர்கள் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்ற பொருளில் பேசுகிறார். சட்ட அமைச்சர் அம்பேத்கர், சம்பகம் தீர்ப்பு தனக்குத் திருப்தியளிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி வாதிடுகிறார், இந்த உரையைத் தவறவே விடாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் சியாமா பிரசாத் முகர்ஜியை முழுதாகப் படியுங்கள். பிறகு மே கடைசிக்குத் தாவுங்கள். மசோதாவை ஆராய்ந்த தெரிவுக் குழு என்ற உறுப்பினர் குழுவிலிருந்து திரும்பிவந்த வடிவத்தில் 19(2)-க்குள் 'நியாயமான' கட்டுப்பாடுகள் என்ற சொல் புதிதாக நுழைந்திருக்கும். இன்றுவரை பேச்சுரிமை வழக்குகளில் நீதிமன்றம் கேள்வி கேட்க இடம் கொடுப்பது அந்த ஒரு சொல்தான் என்பதால், அது எப்படி வந்தது என்று பார்ப்பதற்கே இத்தனையையும் படிக்கலாம் என்பேன். ஜூன் 2-இல் வாக்கெடுப்பு: ஆதரவு 228, எதிர்ப்பு 20.

படிக்கப் படிக்க ஒரு கேள்வி உறுத்தும், தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கும்போது மக்கள் தேர்ந்தெடுக்காத ஓர் அவை அடிப்படை உரிமையில் கை வைக்கலாமா? அவையிலேயே இதைக் கேட்டார்கள். அரசமைப்பைத் திருத்தும் முறையை வகுத்து, இரண்டு அவைகளைச் சொல்லும் பிரிவு 368-ஐ ஒரே அவை எப்படிப் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றத்திலும் கேட்டார்கள். 1951 அக்டோபரில் வந்த சங்கரி பிரசாத் தீர்ப்பு, முடியும் என்றது. நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதியது, நீளமில்லை, உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

நேரமிருந்தால் 1951 செப்டம்பரில் நடந்த, இந்துக்களின் திருமண, சொத்துரிமைச் சட்டங்களைச் சீர்திருத்தும் இந்து சட்டத் தொகுப்பு விவாதத்துக்குப் போங்கள். அதன் பிறகு அம்பேத்கர் பதவி விலகிய உரையை அக்டோபர் நடவடிக்கைகளில் தேடி ஏமாற வேண்டாம், நகலை முன்கூட்டியே தரவில்லை என்று அவைத் தலைமை தடுத்ததும் அவர் வெளியேறிவிட்டார். அந்த அறிக்கை அவருடைய எழுத்துத் தொகுப்பில்தான் கிடைக்கும்.