யாக்கோபின் பன்னிரண்டு பேர்: எண்ணும்போது வழுக்கும் இடங்கள்

வேதாகம வினாடி வினாவில் "இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களை எழுதுக" என்று கேட்டால் சிலர் லேவியையும் யோசேப்பையும் எழுதுவார்கள். சிலர் அந்த இருவரையும் விட்டுவிட்டு எப்பிராயீம், மனாசே என்று எழுதுவார்கள். யாருக்கு மதிப்பெண் போடுவது என்று திருத்துகிறவர் திண்டாடுவார். கோளாறு விடையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. யாக்கோபின் (மறுபெயர் இஸ்ரவேல்) பிள்ளைகளை எண்ணுகிறோமா, அவர்கள் வம்சத்தாரின் நிலப்பங்கை எண்ணுகிறோமா என்று தீர்மானிக்காமல் எண்ணத் தொடங்குவதுதான் முதல் தவறு.

பிள்ளைகள் என்றால் ஆதியாகமம் 29, 30, 35 அதிகாரங்களைப் பார்த்தால் போதும். லேயாளுக்கு ரூபன், சிமியோன், லேவி, யூதா, பிறகு இசக்கார், செபுலோன். ராகேலின் வேலைக்காரி பில்காளுக்கு தாண், நப்தலி. லேயாளின் வேலைக்காரி சில்பாளுக்கு காத், ஆசேர். ராகேலுக்கு யோசேப்பு, பென்யமீன். தாய்வாரியாக மனப்பாடம் செய்தால் பெயர் தவறாது. மகள் தீனாளும் உண்டு. பன்னிரண்டு என்ற கணக்கில் அவள் வருவதில்லை.

நிலப்பங்கு என்றால் பட்டியல் மாறும். லேவிக்குத் தனி நிலம் இல்லை. 48 பட்டணங்கள் மட்டும் மற்றக் கோத்திரங்களின் எல்லைக்குள் கிடைத்தன. யோசேப்பின் பெயர் போய், அவன் பிள்ளைகளான எப்பிராயீமும் மனாசேயும் அந்த இடத்தில் வருகிறார்கள். ஆதியாகமம் 48:5-இல் யாக்கோபே இந்தப் பேரன்மாரை ரூபன், சிமியோனுக்குச் சமமாகத் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்கிறார். 12-இல் இரண்டு கழிந்து இரண்டு கூடுவதால் தொகை மாறுவதில்லை. அதனால்தான் மாற்றம் கண்ணில் படாமல் போகிறது. எசேக்கியேல் 48-ஆம் அதிகாரம் ஒன்றிலேயே இரண்டு கணக்கும் உண்டு: நிலப்பங்கில் மனாசேயும் எப்பிராயீமும், நகரவாசல்களில் லேவியும் யோசேப்பும். பாடம் நடத்துகிறவர்கள் இந்த ஓர் அதிகாரத்தைத் திறந்து காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

வெளிப்படுத்தின விசேஷம் 7-ஆம் அதிகாரப் பட்டியல் இந்த இரண்டிலும் அடங்காது. கோத்திரத்துக்கு 12,000 வீதம் முத்திரை பெற்ற 1,44,000 பேர். யூதா முதலில் வருகிறான், லேவி உண்டு, யோசேப்பும் மனாசேயும் தனித்தனியாக உண்டு, தாண் இல்லை. தாணிலிருந்துதான் அந்திக்கிறிஸ்து வருவான் என்ற விளக்கம் இரண்டாம் நூற்றாண்டிலேயே திருச்சபைப் பிதா ஐரேனியுவின் எழுத்தில் இருக்கிறது. ஆனால் தாண் ஏன் விடுபட்டான் என்று அந்த அதிகாரம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெயர் விடுபட்டதாலேயே சாபம் என்று முடிவுகட்டினால், உபாகமம் 33-இல் மோசேயின் ஆசீர்வாதத்தில் விடுபட்ட சிமியோனையும் அப்படியே சொல்ல வேண்டிவரும். எசேக்கியேலின் நிலப்பங்கிலோ தாணுக்குத்தான் முதலிடம்.

அடுத்தது மூத்தமகன் உரிமை. ரட்சகர் யூதாவின் வழியில் வந்ததால் சேஷ்டபுத்திரபாகமும் யூதாவுக்கே போனது என்று பிரசங்கங்களில் கேட்கலாம். 1 நாளாகமம் 5:1-2 வேறு சொல்கிறது. ரூபன் பில்காளோடு செய்த பாவத்தால் அதை இழந்தான். அது யோசேப்பின் புத்திரருக்குப் போனது. யூதாவுக்குக் கிடைத்தது தலைமை. மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு என்பது உபாகமம் 21:17-இன் சட்டம். யோசேப்பு ஏன் இரண்டு கோத்திரமானான் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

லேவியர் எல்லாரும் ஆசாரியர் அல்ல. ஆரோனின் வம்சத்தார் மட்டுமே ஆசாரியர். மோசேயின் பிள்ளைகள்கூட வெறும் லேவியராகத்தான் எண்ணப்பட்டார்கள் (1 நாளாகமம் 23:14). மோசேக்கு எதிராகக் கிளம்பிய கோராகு லேவியன், ஆசாரிய பட்டத்தையும் தேடினான் என்பதே எண்ணாகமம் 16-இல் அவன்மேல் வரும் குற்றச்சாட்டு. இந்த வேறுபாடு இன்றும் யூத ஜெப ஆலயத்தில் நடைமுறையில் இருக்கிறது: தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) வாசிக்க முதலில் அழைக்கப்படுகிறவர் கோஹேன், அதாவது ஆசாரிய வம்சத்தவர், அடுத்தவர் லேவியர். இயேசு யூதா கோத்திரத்தில் பிறந்தவர், ஆரோனின் வழியில் ஆசாரியராக முடியாது என்பதால்தான் எபிரெயர் நிருபம் 7-ஆம் அதிகாரம் ஆரோனை விட்டு, ஆபிரகாமை ஆசீர்வதித்த ஆசாரியனான மெல்கிசேதேக்கின் முறைமையைப் பேசுகிறது. அந்தச் சிக்கல் பிடிபடாவிட்டால் அந்த அதிகாரமே பிடிபடாது.

இனி எண்கள். எண்ணாகமம் 1-இல் வரும் 6,03,550 ஜனத்தொகை அல்ல. 20 வயதும் அதற்கு மேலும் உள்ள, யுத்தத்துக்குப் போகக்கூடிய ஆண்கள் மட்டும். லேவியரை ஒரு மாதக் குழந்தை முதல் எண்ணினார்கள், தொகை 22,000. ஆகவே யூதாவின் 74,600-ஐ லேவியின் 22,000-த்தோடு ஒப்பிட்டு "லேவி சின்னக் கோத்திரம்" என்று சொல்வது இருவேறு அளவுகோலைக் கலப்பது. (சரியாக ஒப்பிட்டால் லேவி இன்னும் சிறிதாகும், அது வேறு.) லேவியின் மூன்று பிரிவுகளையும் கெர்சோன் 7,500, கோகாத் 8,600, மெராரி 6,200 என்று கூட்டினால் 22,300 வரும், 300 கூடுதல். எபிரெயத்தில் மூன்று, ஆறு என்ற சொற்களுக்கு ஓரெழுத்துதான் வித்தியாசம். கோகாத்தின் 8,300 பிரதியெடுக்கும்போது 8,600 ஆகியிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

எண்ணாகமம் 1, 26 அதிகாரங்களின் இரண்டு கணக்கெடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிமியோன் 59,300-லிருந்து 22,200-க்குச் சரிந்திருப்பது தெரியும். பிறகு அவன் பங்கும் யூதாவின் எல்லைக்குள்ளேயே விழுந்தது. தங்கை தீனாளுக்காகச் சீகேமில் வாளெடுத்த சிமியோனையும் லேவியையும் பிரித்துச் சிதறப்பண்ணுவேன் என்று யாக்கோபு சொன்னது இருவரிடமும் நடந்தது. ஆனால் லேவிக்கு அந்தச் சிதறலே ஊழியமாயிற்று.

எகிப்துக்குப் போன குடும்பம் ஆதியாகமம் 46:27-இல் 70 பேர், அப்போஸ்தலர் 7:14-இல் 75 பேர். அங்கே பேசுகிற ஸ்தேவான் தவறாகச் சொன்னார் என்று அவசரப்பட வேண்டாம். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் 75 என்றே இருக்கிறது. அதில் யோசேப்பின் சந்ததி கூடுதலாக எண்ணப்பட்டிருக்கிறது. சாக்கடலருகே கிடைத்த யாத்திராகமப் பிரதி ஒன்றிலும் 75 உண்டு.

தமிழில் படிப்பவர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு: "கோத்திரம்" என்ற சொல். கத்தோலிக்க மொழிபெயர்ப்பு "குலம்" என்கிறது. நம்மூரில் ஒரே கோத்திரத்தில் பெண்ணெடுக்கக் கூடாது என்ற வழக்கத்தை மனதில் வைத்து இஸ்ரவேலைப் படித்தால் தலைகீழாகிவிடும். மனாசே கோத்திரத்து செலொப்பியாத்துக்கு ஐந்தும் பெண்கள். சுதந்தரம் பெற்ற மகள்கள் தங்கள் பிதாவின் கோத்திரத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்பது எண்ணாகமம் 36-இன் கட்டளை. நிலம் கைமாறக்கூடாது என்பதே காரணம்.

யூதர் என்ற பெயர் யூதாவிலிருந்து வந்தது. அதற்காக யூதர் எல்லாரும் யூதா கோத்திரத்தார் ஆகமாட்டார்கள்; எஸ்தர் 2:5 மொர்தெகாயை யூதன் என்றும் பென்யமீனன் என்றும் ஒரே வசனத்தில் சொல்கிறது. கி.மு. 722-இல் வட இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா விழுந்ததும் அங்கிருந்த பத்துக் கோத்திரமும் ஆளில்லாமல் அற்றுப்போயின என்பதும் அப்படியொரு தவறான முடிவுதான்: லூக்கா 2:36-இல் எருசலேம் தேவாலயத்தில் இருக்கும் அன்னாள் ஆசேர் கோத்திரத்தாள்.

சிறுவர் வகுப்புக்கு ஒன்று. மத்தேயு 1:16-இல் யாக்கோபு யோசேப்பைப் பெற்றான் என்று வரும். அந்த யாக்கோபு வேறு, யோசேப்பு வேறு. இந்த யோசேப்பு மரியாளின் கணவர். 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்ட பழைய யோசேப்போ அதே அதிகாரத்தின் 2-ஆம் வசனத்தில், "யூதாவின் சகோதரர்" என்ற சொல்லுக்குள் பெயரில்லாமல் நிற்கிறான்.