ரிவேராவைப் படித்துக் காசிமேட்டை வரைதல்

மெக்சிகோவின் சுவரோவியர் தியேகோ ரிவேரா, 1932–33இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர அருங்காட்சியகச் சுவர்களில் 27 பகுதிகளாகத் தொழிலாளர்களைத் தீட்டுவதற்கு முன், கார் தொழிற்சாலைக்குள் பல வாரங்கள் நின்று கோட்டோவியங்கள் வரைந்தார். ஓவியம் பயிலும் மாணவர் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த உழைப்பையே, அவர் தீட்டிய உருண்ட தோள்களை அல்ல.

விடிவதற்கு முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்று, ஏலம் கூறுபவரின் கை, கூடை சுமக்கும் பெண்ணின் கழுத்து, வலையைச் சீர்செய்பவரின் வளைந்த முதுகு ஆகியவற்றை, ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடத்துக்கு மேல் செலவிடாமல், கரித்துண்டால் வரையுங்கள். முகங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (கடற்காற்றில் தாள் நமுத்துவிடும், பிளாஸ்டிக் உறை அவசியம்.) வீடு திரும்பியதும் 3 கோட்டோவியங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, உடல்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்குமாறு ஒரே பெரிய தாளில் இணைத்து, பின்னணியில் விசைப்படகுகளுக்கும் ஐஸ் பெட்டிகளுக்கும் தாராளமாக இடம் கொடுங்கள்.