தையல் மெஷின் டெமோ: கடையில் நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடித் தள்ளுபடி நெருங்கினால் புதுச்சேரி நேரு வீதி, அண்ணா சாலைப் பக்கமும் கடலூரில் லாரன்ஸ் சாலைப் பக்கமும் மெஷின் கம்பெனிக்காரர்கள் தையல் மெஷின் டெமோவுக்கு ஆள் தேடுவார்கள். தீபாவளி முடியும்வரை வேலை இருக்கும். தையல் வகுப்பு முடித்தவர்கள், வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர்கள், கார்மெண்ட்ஸ் கம்பெனியில் இருந்து வந்தவர்கள் என்று பெரும்பாலும் பெண்கள்தான் வருகிறார்கள். எல்லாருக்கும் கை நன்றாக ஓடும். ஆனாலும் மெஷின் விற்காது. பக்கத்தில் நின்று பார்த்தால் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும்: வாங்க வந்தவர் நின்றுகொண்டிருப்பார், டெமோ காட்டுகிறவர் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார்.

பெடலை அழுத்திச் சர்ரென்று ஒரு முழம் ஓட்டி, துணியைத் திருப்பிக் காட்டி, "எப்படி இருக்கு பாருங்கக்கா" என்றால், "நல்லாத்தாம்மா இருக்கு" என்பார். அப்புறம் "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று போய்விடுவார். நம் வேகத்தைப் பார்த்ததும் இது நமக்கு வராது என்ற பயம்தான் அவருக்கு வரும். கார்மெண்ட்ஸில் இருந்து வந்தவர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். பவர் மெஷினில் பீஸ் கணக்கில் ஓட்டிய கை அல்லவா, மெதுவாகப் போகச் சொன்னால் அவர்களுக்கே பொறுக்காது.

ஸ்டூலை வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். வேகத்தைக் குறைக்கும் பட்டன் இருந்தால் குறைத்து வையுங்கள். மடித்த துணியை, அதை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டுக்கு அடியில் நீங்களே வைத்து, முதல் நாலு தையல்வரை மேல்நூலையும் கீழ்நூலையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அவர் பாடு. நம் ஊரில் வருகிறவர்களில் கால் மெஷினில் பழகியவர்கள் நிறைய. குதிகாலும் முன்பாதமும் மாற்றி மாற்றி ஆட்டிப் பழகிய கால், மோட்டார் பெடலில் மொத்தமாக இறங்கிவிடும். மெஷின் பாய்ந்ததும் பதறிக் காலை எடுப்பார்கள். "குதிகாலைத் தரையில வையுங்க, விரல் பக்கம் மட்டும் பெடல்ல இருக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தப் பதற்றமே வராது. கோணலாகவாவது ஒரு சாண் தைத்தவர், விலையை விசாரிக்காமல் எழுந்து போவது அபூர்வம்.

இந்தத் தொழிலே அப்படித் தொடங்கியதுதான். 1850களில் சிங்கர் கம்பெனி நியூயார்க்கில் பெண்களை உட்கார வைத்துத் தைத்துக் காட்டியது. பெண்களால் மெஷினை இயக்க முடியாது என்று அப்போது பலர் நம்பினார்கள். அதை உடைப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856இல் தவணை முறையைக் கொண்டுவந்தார். இன்றைய இ.எம்.ஐ. அட்டைக்கு அவரைத்தான் தாத்தா என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது நூல் விஷயம். மேலேயும் கீழேயும் ஒரே நிறத்தில் நூல் போட்டு டெமோ காட்டுவது எல்லாக் கடையிலும் நடக்கிறது. பார்க்க அழகாக இருக்கும், டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், கொஞ்சம் பிசகியிருந்தாலும் தெரியாது. மறைப்பதற்கு வேண்டுமானால் நல்ல வழி, கற்றுக்கொடுப்பதற்கு ஆகாது. மேலே சிவப்பு, கீழ்நூல் சுற்றும் பாபினில் வெள்ளை என்று போடுங்கள். டென்ஷன் சரியாக இருந்தால் மேல்பக்கம் முழுக்கச் சிவப்பாகவும் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாகவும் இருக்கும். முடிச்சு இரண்டு துணிக்கும் நடுவில் மறைந்துவிடும். மேல்நூல் டென்ஷன் டயலை வேண்டுமென்றே கூட்டி நாலு அங்குலம் தையுங்கள். மேல்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும். இப்போது குறைத்துத் தையுங்கள். துணியைத் திருப்பினால் அடியில் சிவப்பு தளர்வாகக் கிடக்கும். பழைய இடத்துக்கே திருப்பி வைத்து மறுபடி ஒரு வரி. ஒரே துண்டில் மூன்று வரிகள். அந்தத் துண்டைக் கத்தரித்து அவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். வீட்டில் மெஷின் மக்கர் பண்ணும் நாளில் உங்களைவிட அந்தத் துண்டு அதிகம் பேசும்.

மேல்நூல் கோக்கும்போது ஃபுட் இறங்கியிருப்பது இன்னொன்று. ஃபுட் கீழே இருந்தால் டென்ஷன் தட்டுகள் இறுகி இருக்கும், நூல் உள்ளே போய் உட்காராது. தைக்கத் தொடங்கியதும் துணிக்கு அடியில் நூல் கொசகொசவென்று கூடு கட்டிவிடும். அடியில் சிக்குவதால் எல்லாரும் பாபினைத்தான் குறை சொல்வார்கள்; பாபின் கேஸில் இருக்கும் குட்டித் திருகைத் திருகி நிலைமையை இன்னும் கெடுத்து வைப்பார்கள். அடியில் சிக்கினால் மேல்நூலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபுட்டைத் தூக்கி, ஊசியையும் மேலே கொண்டுவந்து, முதலில் இருந்து கோத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டெமோவின்போதே இப்படி ஒரு சிக்கலை நீங்களே உண்டாக்கி எடுத்துக் காட்டலாம். விற்கிற இடத்தில் கோளாறைக் காட்டுவதா என்று கடைக்காரர் முகம் சுளிப்பார். வாங்கிய மறுநாள் சர்வீசுக்கு வரும் போன் குறையும் என்று சொல்லுங்கள், சரி என்பார்.

துணியிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. கஞ்சி போட்ட காடாத் துணியில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். வருகிறவர் வீட்டில் தைக்கப் போவது நைட்டி, லைனிங் ஜாக்கெட், சேலைக்கு ஃபால்ஸ், பிள்ளைகளின் யூனிஃபார்ம், ஜூன் மாதம் அளவு குறைக்க வேண்டிய பேன்ட். இவற்றில் ஒவ்வொரு துண்டு டேபிளுக்கு அடியில் இருக்கட்டும். கூடவே ஊசிப் பெட்டியும். மெல்லிய பட்டு, ஷிஃபானுக்கு 9 அல்லது 11ஆம் நம்பர் ஊசி, சாதாரண காட்டனுக்கு 14, ஜீன்சுக்கு 16. லெகின்ஸ், டி-ஷர்ட் துணி என்றால் நம்பரை மாற்றினால் மட்டும் போதாது, நுனி உருண்ட பால்பாயின்ட் ஊசி வேண்டும். இல்லாவிட்டால் தையல் விட்டுவிட்டு விழும். அதைப் பார்த்து "மெஷின் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். வீட்டு மெஷின் ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். இப்போது வரும் ஜிக்ஜாக் மெஷின்களில் அந்தப் பக்கம் பின்னால் போக வேண்டும், ஊசியும் மேலே முட்டும்வரை ஏற வேண்டும். பவர் மெஷினின் உருண்டைத் தலை ஊசியை இதில் மாட்டப் பார்க்கிறவர்களும் உண்டு.

"இருபத்தொரு டிசைன் இருக்கு, முப்பது டிசைன் இருக்கு" என்று பெட்டியில் எழுதியதை ஒப்பிப்பது வீண். நேர்த்தையல், பிசிறு பிரியாமல் ஓரம் அடிக்க ஜிக்ஜாக், பட்டன் துளைக்குக் காஜா. முக்கால்வாசிப் பேருக்கு இவ்வளவுதான் வேண்டும். காஜாவை நன்றாகப் பழகிக்கொண்டு போங்கள், ஏனென்றால் கேட்பார்கள். தானாகக் காஜா எடுக்கும் மெஷினில் அதற்கென்று இருக்கும் சின்ன லீவரைக் கீழே இழுத்துவிட மறந்தால் காஜா சரியாக வராது. எல்லார் முன்னாலும் அசடு வழிய வேண்டியதுதான்.

பொய் சொல்லி விற்பதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது: "வீட்டுக்கா, கடைக்கா?" பண்ருட்டிப் பக்கம் டெய்லர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் நாள் முழுக்க ஓட்ட மெஷின் கேட்டால், மோட்டார் வைத்த வீட்டு மெஷினை அவர் தலையில் கட்டாதீர்கள். ஆறு மாதத்தில் திரும்ப வந்து கவுன்ட்டரில் சத்தம் போடுவார், பக்கத்தில் நிற்கும் நாலு பேரும் கலைந்துவிடுவார்கள். அதுபோல அடுத்த கம்பெனி மெஷினைத் தாழ்த்திப் பேசுவதும் வேண்டாம். கேட்கிறவர் வீட்டில் அம்மா வாங்கிய அதே மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இது கடலோர ஊர். உப்புக்காற்றுக்கு ஊசியும் தப்பாது, ஊசித் தட்டும் தப்பாது. ராத்திரி கடை மூடும்போது துணியில் ஊசியைக் குத்தியபடியே விட்டுப் போனால் சில நாளில் துணியில் பழுப்புப் புள்ளி விழும். துரு ஏறிய ஊசி நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஊசியை மேலே ஏற்றி, கவர் போட்டு மூடிவிட்டுப் போங்கள். ஆயில் விடும் மெஷின் என்றால் காலையில் விட்டதும் ஒரு பழந்துணியில் தைத்துத் துடையுங்கள். வாங்க வந்தவர் பையில் இருந்து ஜாக்கெட் துணியை எடுத்து நீட்டும்போது அதில் எண்ணெய்க் கறை படிந்தால் பேச்சே முடிந்தது. ஆயில் விடக் கூடாத மெஷின்களும் உண்டு, கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கூட்டத்தில் துப்பட்டாவும் தொங்கும் முந்தானையும் சக்கரத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்புதான். கூட வரும் குழந்தைக்கு முதலில் கண்ணில் படுவது பெடல். பேசும்போது ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

கடைக்காரரோடு உரசலில்லாமல் போக விலைப் பேச்சில் தலையிடாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் கம்பெனி ஆள், தள்ளுபடி கொடுக்கிறவர் அவர். நாள் முழுக்க நின்றே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் வாய் திறங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கடலூர்க் கடைகளுக்கு அது பொருந்தும். புதுச்சேரி தனி, அங்கே கடைக்காரரிடம் முதல் நாளே பேசி ஒரு ஸ்டூல் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; வாடிக்கையாளருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.

விற்ற பிறகு வீட்டுக்குப் போய்க் காட்டும் டெமோவில் அவசரப்படுகிறவர்கள் அதிகம். நெல்லிக்குப்பம் போய் அடுத்து வில்லியனூர் போக வேண்டியிருந்தால் அவசரம் வரத்தான் செய்யும். அப்படியும் பாபினை நீங்களே சுற்றி மாட்டிவிட்டு வராதீர்கள். அது தீர்ந்த அன்றைக்குப் போன் வரும். காலி பாபினை அவர் கையில் கொடுத்து, சுற்றச் சொல்லி, கேஸில் போட்டு மாட்டச் சொல்லி, கழற்றி இன்னொரு தடவை மாட்டச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.